கழுவிய கையோடு ஃபிரிட்ஜில் வைத்தால் கருக்கத்தான் செய்யும்

கேள்வி: தொட்டியில் புதினா, கொத்தமல்லி, பேசில் மூன்றும் வளர்க்கிறேன். பறித்ததும் நன்றாகக் கழுவி, பிளாஸ்டிக் பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைக்கிறேன். இரண்டே நாளில் பேசில் கருத்துப்போகிறது, கொத்தமல்லி கொழகொழத்துவிடுகிறது. புதினாவைச் சமையலில் போட்டால் வாசனையே வருவதில்லை. கோடையில் வாங்கும் தக்காளியும் சப்பென்று இருக்கிறது. செடிக்கு உரம் போதவில்லையா? மிஞ்சுகிற இலையையும் பூண்டையும் எண்ணெயில் ஊறப்போட்டு வைத்துக்கொள்ளலாமா? கொத்தமல்லி வேறு வெயிலில் பூத்துவிட்டது.

பதில்: உரத்தின் மேல் பழி போடாதீர்கள். தழைச்சத்து கூடினால் இலை பெரிதாகும், மணம் மட்டுப்படும். உங்கள் செடி நன்றாகவே இருக்கிறது. கோளாறெல்லாம் பறித்த பிறகு நடப்பது.

முதலில் கொத்தமல்லி. ஈர இலையை மூடிய பைக்குள் போட்டால் அழுகல் கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி. கழுவுவதைக் கடைசி வேலையாக வையுங்கள். எவ்வளவு தேவையோ அதை மட்டும், சமைக்கும் நேரத்தில். சேமிக்க ஒரு டம்ளரில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் விட்டு, தண்டு மட்டும் நனையும்படி கொத்தமல்லிக் கட்டை நிறுத்துங்கள். மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் ஒரு வாரம் தாண்டும். புதினாவுக்கும் இதே முறைதான். மண் ஒட்டியிருந்து கழுவியே ஆக வேண்டுமென்றால், துணியில் போட்டு நன்றாக உதறி, உலர்ந்த காகிதத் துண்டில் சுருட்டி வையுங்கள். பக்கத்தில் ஆப்பிளோ பழுத்த வாழைப்பழமோ இருக்கக் கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு கீரை வகையை மஞ்சளாக்கிவிடும்.

பேசில் கதை வேறு. திருநீற்றுப்பச்சிலை என்பதும் இதே இனம்தான். வெப்பப் பகுதிச் செடி, குளிர் ஆகாது. சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் இலையின் செல் சுவர்களுக்கு உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு பழுதாகி, சாறு கசிந்து, காற்றுப் பட்டுக் கருக்கிறது. ஃபிரிட்ஜின் உள்ளே 4 டிகிரி. இரண்டு நாள் தாங்கியதே பெரிது. டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, நேர் வெயில் படாமல் சமையல் மேடையிலேயே விட்டுவிடுங்கள். சில நாளில் தண்டில் வேர் விட்டால் தொட்டியில் ஊன்றிக்கொள்ளலாம்.

புதினாவில் வாசனை ஏன் இல்லை என்றால், அது ஏற்கெனவே அடுப்படிக் காற்றில் போய்விட்டது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள், மேல்தோலில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். அவை குட்டிப் பைகள், மணம் தரும் எண்ணெய் இருப்பது அவற்றில்தான். கசங்கினால் உடையும், சூடு பட்டால் பறக்கும். மழுங்கிய கத்தியால் ஈர இலையை முன்னும் பின்னுமாக நறுக்கினால், பலகையில் பச்சைச் சாறு தேங்குகிறதே, அதுதான் நீங்கள் தேடும் வாசனை. ஈரம் துடைத்த இலைகளை அடுக்கிச் சுருட்டி, கூரான கத்தியால் ஒரே ஓட்டமாக நறுக்குங்கள். அடுப்பை அணைத்த பிறகு தூவி, ஒரு நிமிடம் மூடி வையுங்கள். மென்தண்டுச் செடிகள் எல்லாவற்றுக்கும் இதுவே வழி. ரோஸ்மேரி, தைம் போன்ற கட்டைத்தண்டுச் செடிகளை மட்டும் ஆரம்பத்திலேயே போடலாம். உலர்ந்த இலை போடுவதானால் பச்சை இலையின் மூன்றில் ஒரு பங்கு அளவு போதும்.

பறிக்க நல்ல நேரம் காலையில் பனி உலர்ந்தபின், வெயில் ஏறுமுன். மொட்டு வைப்பதற்குச் சற்று முன்புதான் மணம் உச்சத்தில் இருக்கும். கணுவுக்கு மேலே, ஒரு ஜோடி இலையை விட்டு வெட்டினால் அந்த இடத்திலிருந்து இரண்டு கிளை வரும். ஒரே தடவையில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

எண்ணெயில் ஊறப்போட்டு மேடையில் வைப்பதற்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். பலரும் இதை ஏதோ பாட்டி காலத்துப் பத்திர முறை போல நினைக்கிறார்கள். அழகான சீசாவில் பூண்டும் இலையும் மிதக்கும் படத்தைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. மண்ணில் இருக்கும் க்ளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து, பூண்டிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு வரும். கொதிக்கும் தண்ணீர்கூட அந்த வித்தைக் கொல்லாது. காற்றுள்ள இடத்தில் அது பேசாமல் கிடக்கும். எண்ணெய் மூடியதும் காற்று அற்றுப்போகிறது, பூண்டிலோ இலையிலோ புளிப்பு இல்லை, அறைச் சூடு வேறு. முளைத்து நஞ்சு உண்டாக்க இதைவிட வசதி அதற்கு வேண்டாம். நிறமும் மணமும் மாறாமல் இருக்கலாம், முகர்ந்து பார்த்தால் தெரியாது. 1985ல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்ட பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். விற்பனைக்கு வரும் சீசாக்களில் அமிலம் சேர்ப்பது இதற்காகத்தான். வீட்டில் எலுமிச்சைச் சாறு ஒரு ஸ்பூன் விட்டால் அதற்கு ஈடாகாது. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே செய்யுங்கள். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் 4 நாள், அதற்கு மேல் கொட்டிவிடுங்கள். நாள்பட வேண்டுமென்றால் நறுக்கிய இலையை ஐஸ் தட்டுக் குழிகளில் போட்டு, எண்ணெயோ தண்ணீரோ விட்டு உறையவையுங்கள். உருகவிடாமல், உறைந்த கட்டியை அப்படியே சட்டியில் போட வேண்டும்.

இனி தக்காளி. சப்பென்று இருப்பதில் பாதிப் பழி உங்களுடையது அல்ல. கடையில் நிறமும் கெட்டித்தன்மையும் பார்த்துத்தான் தரம் பிரிக்கிறார்கள், சுவைக்கு எந்தப் பெட்டியிலும் கட்டம் இல்லை. காய் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று வளர்ப்பாளர்கள் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த குணமே பழத்தின் இனிப்பைக் குறைக்கிறது என்பது 2012ல்தான் ஆய்வில் வெளிவந்தது. அதற்குப் பிறகும் கொள்முதல் செய்பவர்கள் கேட்பது அதே சிவப்பைத்தான். பொட்டலத்தில் அடைத்த தேதி இருக்கும், பறித்த தேதி இருக்காது. அதைக் கேட்கவும் யாருக்கும் தோன்றுவதில்லை. மறுபாதிப் பழி ஃபிரிட்ஜுக்கு. சுமார் 12 டிகிரிக்குக் கீழே மணம் உண்டாக்கும் வேலை பழத்துக்குள் நின்றுபோகிறது. ஒரு வாரம் 5 டிகிரியில் இருந்த பழம், வெளியே எடுத்து ஒரு நாள் வைத்தாலும் இழந்த மணத்தை முழுதாக மீட்பதில்லை. காம்பு கீழே இருக்கும்படி வெளியே வையுங்கள்.

“அப்படியானால் ஃபிரிட்ஜே கூடாதா?” என்று கேட்பீர்கள். கூடும், ஆனால் எப்போது என்று பாருங்கள். விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும் அளவுக்கு முழுதாகப் பழுத்துவிட்ட பழம், இன்று வைத்தால் நாளை அழுகும் என்ற நிலையில் இருந்தால், ஓரிரு நாள் உள்ளே வைக்கலாம். பழுத்தல் முடிந்துவிட்டதால் இழப்பு குறைவு. ஆனால் உண்பதற்குச் சில மணி நேரம் முன்பே எடுத்து வெளியே வையுங்கள். பாதி பழுத்ததை உள்ளே வைத்தால் அது பழுக்கவும் பழுக்காது, சுவைக்கவும் செய்யாது. பழுத்திருக்கிறதா இல்லையா என்று குழப்பமாக இருந்தால் பழுக்கவில்லை என்றே கொள்ளுங்கள். வெட்டிய தக்காளிக்கு இந்த வாதமெல்லாம் இல்லை, நேராக ஃபிரிட்ஜ்.

செடி வாங்கும் இடத்தில் இரண்டு பொறிகள். பசேலென்று புதராக நிற்கும் பேசில் தொட்டி ஒரே செடி அல்ல. பதினைந்து இருபது நாற்றை நெருக்கி முளைக்கவிட்டிருப்பார்கள். மூன்று வாரத்தில் ஒன்றையொன்று நெரித்துச் சாகும், நீங்கள் மறுபடி வாங்குவீர்கள், கணக்கு அதுதான். வந்த அன்றே வேர்க்கட்டியை நாலாகப் பிரித்து நாலு தொட்டியில் நடுங்கள். இரண்டாவது, அலங்காரச் செடி வரிசையில் நிற்கும் லாவெண்டர், ரோஸ்மேரி. உண்ணும் செடிக்கு அனுமதியில்லாத மருந்து அதில் அடிக்கப்பட்டிருக்கலாம். சமையலுக்கு வளர்த்தது என்று சீட்டில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். விற்பவர் வாய்வார்த்தை போதாது. காய்கறி கழுவும் திரவம் என்று சீசா விற்பவர்களையும் தாண்டிப் போங்கள். ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதே போதும். சோப்பு, திரவம் எதுவும் வேண்டாம்.

பூத்த கொத்தமல்லியைத் திரும்பத் தழைக்க வைக்க முடியாது. வெயிலும் நீண்ட பகலும் வந்தால் அது தண்டு விட்டு இலையைச் சீரகச்செடி மாதிரி நூலாக்கிக்கொள்ளும். பிடுங்காதீர்கள். பூ உதிர்ந்து பச்சைக் காய் கட்டியதும் பறித்து, உரலில் ஒரு தட்டுத் தட்டித் தக்காளி, வெள்ளரித் துண்டுகளின் மேல் தூவுங்கள். இலைக்கும் விதைக்கும் நடுவில் ஒரு மணம் இருக்கும். அடுத்த தொட்டிக்கு விதையை உள்ளங்கையால் உருட்டி இரண்டாக உடைத்து, ஒரு செ.மீ. ஆழத்தில், பிற்பகல் நிழல் விழும் இடத்தில் விதையுங்கள். பின்பு மூன்று வாரத்துக்கு ஒரு தொட்டி வீதம் விதைத்துக்கொண்டே போங்கள்.