கணக்குத் தெரிகிறது, கேள்விதான் புரியவில்லை

கேள்வி: என் மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள். பெருக்கல், வகுத்தல், பின்னம் எல்லாம் நன்றாகப் போடுகிறாள். அதையே நாலு வரிக் கணக்காகக் கேட்டால் விழிக்கிறாள். நான் ஊரில் படித்த மாதிரி எக்ஸ் வைத்துச் சொல்லிக் கொடுத்தால், "டீச்சர் கட்டம்தான் போடுவார்" என்கிறாள். எதைப் பின்பற்றுவது?
– ஒரு தாய், ஈசூன்

பதில்: இப்போதைக்கு டீச்சரின் கட்டத்தையே பின்பற்றுங்கள். எக்ஸ் தவறான வழி என்பதால் சொல்லவில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள்.

மீனாவிடமும் கவினிடமும் சமமான பணம் இருந்தது. மீனா 18 வெள்ளியும் கவின் 42 வெள்ளியும் செலவழித்தார்கள். இப்போது மீனாவிடம் இருப்பது கவினிடம் இருப்பதைப்போல் 3 மடங்கு. முதலில் ஆளுக்கு எவ்வளவு இருந்தது?

எக்ஸ் வைத்தால் அடைப்புக்குறியைப் பிரித்து, இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம் மாற்ற வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளை பெரும்பாலும் அங்கேதான் சறுக்கும். கட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே நீளத்தில் இரண்டு பட்டைகள் வரைந்து, ஒன்றிலிருந்து 18, மற்றதிலிருந்து 42 வெட்டச் சொல்லுங்கள். கவினிடம் மிஞ்சியது 1 பங்கு, மீனாவிடம் 3 பங்கு. கூடுதலாக உள்ள 2 பங்கு எங்கிருந்து வந்தது? கவின் 24 வெள்ளி அதிகமாகச் செலவழித்ததால் வந்தது. ஆக 1 பங்கு 12 வெள்ளி. கவினிடம் முதலில் 12 + 42 = 54 வெள்ளி. மீனா பக்கம் சரிபாருங்கள்: 54 − 18 = 36, அது 12-இன் 3 மடங்கு.

இந்தக் கட்ட முறையை நம் கல்வி அமைச்சு 1980களில் உருவாக்கியது. இன்று பல நாடுகள் 'சிங்கப்பூர்க் கணிதம்' என்று எடுத்துக்கொண்டிருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் கட்டம் போட்டும் தடுமாறும் பிள்ளைகள் உண்டு. கேள்வியை முடிக்குமுன்பே எண்களைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். 'அதிகம்' என்று கண்டால் கூட்டு, 'மீதி' என்று கண்டால் கழி என்று சில துணைப்பாட வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. "அமுதாவிடம் 45 ஸ்டிக்கர், அது ராஜுவிடம் இருப்பதைவிட 12 அதிகம்" என்றால் ராஜுவுக்கு 33தானே? 'அதிகம்' இருந்தும் கழிக்க வேண்டியிருக்கிறது.

அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். கணக்கைப் படித்ததும் தாளை மூடிவிட்டு, எண்களே இல்லாமல் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். தமிழோ ஆங்கிலமோ, எது வாயில் வருகிறதோ அது. பிறகு ஒரே கேள்வி: "இதில் மாறாமல் இருப்பது எது?" இருவர் தங்களுக்குள் கொடுத்து வாங்கினால் மொத்தம் மாறாது. இருவரும் ஒரே அளவு செலவழித்தால் வித்தியாசம் மாறாது. ஒருவர் மட்டும் செலவழித்தால் மற்றவருடையது அப்படியே இருக்கும்.

2021 தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் பெற்றோரைக் கொந்தளிக்க வைத்த ஹெலன் – ஐவன் நாணயக் கணக்குக்கும் சாவி இதுதான். இருவரிடமும் 20 காசும் 50 காசும் மட்டுமே; மொத்த நாணய எண்ணிக்கை சமம். யாரிடம் பணம் அதிகம், எவ்வளவு அதிகம் என்று கேட்டார்கள். 20 காசு ஹெலனிடம் 64, ஐவனிடம் 104. ஐவனிடம் 20 காசு 40 அதிகம் என்றால், ஹெலனிடம் 50 காசு 40 அதிகமாக இருந்தே தீர வேண்டும். 40 முறை 30 காசு, அதாவது 12 வெள்ளி ஹெலனிடம் கூடுதல். 50 காசு நாணயம் எத்தனை என்று தேடிப் போனவர்கள்தான் திணறினார்கள்; கேள்வி அதைக் கேட்கவே இல்லை.

அந்தத் தேர்வின் இரண்டாம் தாளில் கால்குலேட்டருக்கு அனுமதி உண்டு. ஆகவே பெருக்கல் பயிற்சியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் பாதகமில்லை. அசெஸ்மென்ட் பயிற்சிப் புத்தகங்களை அடுக்கடுக்காக வாங்க வேண்டாம்; நாளுக்கு இரண்டு கணக்கைப் பேசிப் பேசிப் போட்டால் போதும்.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். கேள்வியை நீங்கள் வாசித்துக் காட்டினால் உடனே போட்டுவிடுகிறாளா? அப்படியானால் தடை வாசிப்பில் இருக்கிறது, கணிதத்தில் இல்லை. கணக்கு ஆசிரியரோடு ஆங்கில ஆசிரியரிடமும் பேசுங்கள்.