525 மடங்கு என்று பெட்டியில் போட்டிருக்கிறதே!

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வானம் என்றால் உயிர். பிறந்தநாளுக்கு டெலஸ்கோப் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆன்லைனில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, நீளக் குழாய், முக்காலியோடு வருகிறது. 525 மடங்கு பெரிதாகக் காட்டுமாம். இன்னொன்று மேஜை மேல் வைக்கும் குட்டி, 75 மடங்குதான். இரண்டிலும் கண்ணாடி 76 மி.மீ. விலையும் ஏறக்குறைய ஒன்றே. 525-ஐ வாங்குவதுதானே லாபம்? (நாமக்கல் வாசகி)

பதில்: அந்த 525 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். குழாயின் குவியத் தூரம், அதாவது கண்ணாடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம், 700 மி.மீ. கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ், அதாவது ஐபீஸ், 4 மி.மீ. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் 175. பெட்டிக்குள் மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றும் போட்டிருப்பார்கள். 175-ஐ மூன்றால் பெருக்குங்கள். கணக்கு சரிதான், படம்தான் தெரியாது. கண்ணாடியின் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப் போல இரண்டு மடங்கு வரைதான் உருப்பெருக்கம் பயன்படும். 76 மி.மீ. கண்ணாடிக்கு 150 என்பதே உச்சம், அதுவும் காற்று அசையாத நல்ல இரவில். அதைத் தாண்டினால் வியாழன் பெரிதாகத்தான் தெரியும், ஆனால் தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரி.

நியாயமாகச் சொன்னால், நீளக் குழாயின் கண்ணாடி மோசமில்லை. விவகாரம் முக்காலியில் இருக்கிறது. நான் முதன்முதலில் வாங்கியது இந்த மாதிரி ஒன்றுதான். தொட்டால் ஆடும், ஆட்டம் நின்று கண்ணை வைப்பதற்குள் பூமி சுழன்று சனி வெளியே போயிருக்கும். 75 மடங்கிலேயே ஒரு கோள் ஒன்றிரண்டு நிமிடத்தில் பார்வையைக் கடந்துவிடும். குழந்தைக்கு அது விளையாட்டாக இருக்காது, தண்டனையாக இருக்கும்.

மேஜைமேல் வகை, செலஸ்ட்ரான் ஃபர்ஸ்ட்ஸ்கோப் போன்றது, 2009-இல் உலக வானியல் ஆண்டை ஒட்டி வந்து பிரபலமானது. குவியத் தூரம் 300 மி.மீ. தட்டு மேல் தட்டு சுழலும் டாப்சோனியன் தாங்கி என்பதால் விரலால் தள்ளினால் போதும், தள்ளிய இடத்தில் நிற்கும். குறை என்னவென்றால், இவ்வளவு குட்டைக் குழாய்க்குப் பரவளைய ஆடி, அதாவது ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்கும்படி வளைத்த கண்ணாடி, வேண்டும். இதில் இருப்பது பந்தின் பரப்பு மாதிரி வளைந்த சாதாரண கோள ஆடி. அதனால் 75 மடங்கில் படம் முழுவதுமே கொஞ்சம் மங்கும். கூட வரும் 4 மி.மீ. ஐபீஸும் சுமார் ரகம்தான். அப்புறம் காசு கிடைக்கும்போது 6 மி.மீ. ஐபீஸ் ஒன்று வாங்குங்கள். 50 மடங்கு, ஆனால் பளிச்சென்று இருக்கும்.

இரண்டில் ஒன்றுதான் என்றால் குட்டியை வாங்குங்கள். நிலவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு நிலவுகள், கார்த்திகைக் கூட்டம் எல்லாம் மகளுக்கு முதல் வாரமே கிடைக்கும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டியதால் கோடாக மெலிந்துபோனது. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக அகன்று, 2032 வாக்கில் நன்றாக விரியும். பெட்டியில் அச்சடித்த வண்ணப் படங்களை மட்டும் மகளிடம் காட்டாதீர்கள். ஒரையன் நெபுலா என்கிற வாயு மேகம் கண்ணுக்குச் சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும்.

கேள்வி: கொஞ்சம் பொறுத்திருந்து 130 மி.மீ. வாங்கலாமா? வித்தியாசம் தெரியுமா? (மதுரை வாசகர்)

பதில்: நன்றாகவே தெரியும். 76-ஐவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஸ்கை-வாட்சர் ஹெரிடேஜ் 130 போன்றவற்றில் பரவளைய ஆடி. குழாயைப் பாதியாக மடக்கி அலமாரியில் வைத்துவிடலாம். ஏப்ரல், மே இரவுகளில் ஊருக்கு வெளியே போய்த் தெற்கே திருப்பினால் ஒமேகா சென்டாரி என்கிற நட்சத்திரக் கூட்டம் தெரியும், வெல்லப்பாகில் ரவை தூவியது மாதிரி. லண்டன்காரர்கள் ஊரிலிருந்து பார்க்கவே முடியாத காட்சி அது.

மடக்குக் குழாயின் நடுப்பகுதி திறந்தே இருக்கும், தெருவிளக்கு உள்ளே அடிக்கும். கறுப்பு சார்ட் பேப்பரைச் சுற்றிவிடுங்கள். இரண்டு கண்ணாடிகளையும் அவ்வப்போது நேர்படுத்தவும் வேண்டும். ஒருமுறை பழகினால் ஐந்து நிமிட வேலை. இதுவும் மேஜைமேல் வகைதான். பிளாஸ்டிக் நாற்காலி மேல் வைத்துவிட்டு ஆடுகிறதே என்று திட்டாதீர்கள், கனமான ஸ்டூல் தேவை. கோடையில் மொட்டை மாடியும் அவ்வளவு உசிதமில்லை. பகலெல்லாம் காய்ந்த தளம் இரவில் சூட்டைக் கக்கும்போது படம் நெளியும். மண் தரையோ புல்தரையோ நல்லது.

கேள்வி: வந்த டெலஸ்கோப்பில் எதிர் வீட்டு போர்டு தலைகீழாகத் தெரிகிறது. கண்ணாடியிலும் கீறல். விற்றவர் "திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். (காரைக்கால் வாசகர்)

பதில்: தலைகீழ் பழுதல்ல. கண்ணாடியால் ஒளியைச் சேர்க்கும் இந்த நியூட்டன் வகை டெலஸ்கோப் எல்லாமே அப்படித்தான் காட்டும். நட்சத்திரத்துக்கு ஏது தலை, கால்? கீறல் வேறு விஷயம். 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற மாட்டேன் என்று விற்பனையாளர் மறுக்கக் கூடாது. பகல் வெளிச்சத்தில் கீறலைப் படமெடுத்து, எழுத்து மூலமாகவே புகார் கொடுங்கள். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் கண்ணாடியில் தூசி இருந்தால் துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள். அப்புறம் கீறல் யார் போட்டது என்று உங்களையே கேட்பார்கள்.

கேள்வி: கூடவே 'சன் ஃபில்டர்' என்று கறுப்புக் கண்ணாடி ஒன்று வந்தது. ஐபீஸில் திருகிச் சூரியனைப் பார்க்கலாமா? (சேலம் மாணவர்)

பதில்: கூடாது. கண்ணாடி சேர்த்துக் குவித்த வெப்பம் முழுவதும் அந்தச் சின்ன வில்லை மேல் விழும். அது விரிசல் விட்ட மறுகணம் கண் போய்விடும். குழாயின் முகப்பு முழுவதையும் மூடும் ஃபில்டர் இல்லாமல் சூரியன் பக்கம் திருப்பவே வேண்டாம். அந்தக் கறுப்பு வில்லையை இன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள், தம்பி கையில் சிக்குவதற்குள்.