குரைப்பா, துடிப்பா?

அன்புள்ள ஐயா,

போனில் ஒரு செயலி வழியாகப் போர்த்துகீசியம் படித்துவருகிறேன். 'நாய் குரைக்கிறது' என்பதற்கு 'ஒ கஷோஹு லாச்சி' என்று வந்தது. 'லத்தீர்' என்ற வினையாம். ஸ்பானிஷ் தெரிந்த நண்பரோ, "லத்தீர் என்றால் இதயம் துடிப்பது. குரைப்பதற்கு லத்ரார்" என்று சிரிக்கிறார். செயலி தவறா?

எம்.

அன்புள்ள எம்.,

செயலியும் சரி, நண்பரும் சரி. செயலி சொல்லித்தருவது பிரேசில் வழக்கு. லிஸ்பனில் குரைப்பதற்குப் பெரும்பாலும் லத்ரார்தான். போர்த்துகலுக்கு வடக்கே கலீசியாவிலும் அதேதான், ஸ்பானிஷிலும் அதேதான். ('கஷோஹு'வும் அப்படித்தான்: பிரேசிலில் நாய், ஸ்பெயினில் அதே சொல் குட்டி.)

லத்தீனில் இவை இரண்டு தனித்தனிச் சொற்கள். 'லத்ராரே' என்றால் குரைப்பது. 'கிளத்தீரே' என்றால் நாய்க்குட்டி கீச்சுக் குரலில் கத்துவது. முதல் சொல்லில் ர-வுக்கு முன்னால் நின்ற ஒற்றைத் 'த்' காலப்போக்கில் மெலிந்துவிட்டது. இரண்டாவதில் இரட்டை, அதனால் வல்லொலி அப்படியே நின்றது, தொடக்கத்து 'க்' மட்டும் உதிர்ந்தது. தமிழ்க் காதுக்கு இது புதிதில்லை. 'அது', 'அத்தை' இரண்டையும் சொல்லிப் பாருங்கள்.

சரி, குரைப்பு எப்படித் துடிப்பானது? நாய் கத்துவது விட்டுவிட்டு வரும் ஒலி. சீழ் கட்டிய விரலும் அப்படித்தான் விட்டுவிட்டு வலிக்கும். நாம் 'விண் விண்ணென்று தெறிக்குது' என்று வலிக்கு ஒரு ஒலியைக் கொடுக்கிறோம். அவர்கள் நாயின் ஒலியையே கொடுத்துவிட்டார்கள். இதயத்துக்கும் அதே சொல். கலீசியர்கள் இந்தத் தெறிப்புக்கு 'லத்தெஷார்' என்பார்கள், அதே குடும்பம்தான். ஸ்பானிஷ் அகாதெமியின் அகராதி லத்தீருக்குக் குரைக்கும் பொருளையும் இன்னும் வைத்திருக்கிறது. உங்கள் நண்பர் அந்த வரியைப் பார்த்திருக்க மாட்டார்.

மெக்சிகோக்காரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். படத்துக்குப் போகலாமா என்று கேட்டால் 'மெ லாத்தே' என்பார்கள்: எனக்குப் பிடிச்சிருக்கு, போகலாம். மழை வரும்போல மனசில் படுது என்பதற்கும் அதே சொல்தான். எனக்கு மிகவும் பிடித்த பிரயோகம் இது.

'குரைக்கிற நாய் கடிக்காது' என்ற பழமொழி அங்கேயும் உண்டு. பிரேசிலில் அதை லத்தீர் போட்டே சொல்வார்கள். அடுத்த முறை நண்பரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அவர் காதில் 'துடிக்கிற நாய் கடிக்காது' என்று விழும்.