அமெரிக்காவில் பி.இ. உரிமம்: நம்ம ஊர் சிவில் பட்டம் செல்லுமா, தேர்வு கஷ்டமா?

செல்லும். நான் தமிழ்நாட்டில் பி.இ. சிவில் முடித்தவன். டெக்சாஸ் வந்து இன்னொரு பி.இ.க்காக ஆறு வருஷம் ஓடினேன். "நீதான் பி.இ. முடிச்சுட்டியேப்பா, திரும்பவும் என்ன பி.இ.?" என்று அம்மா இன்னும் கேட்கிறார். முதலாவது பட்டம். இரண்டாவது புரொஃபஷனல் இன்ஜினியர், அதாவது வரைபடத்தில் முத்திரை வைத்துக் கையெழுத்துப் போடும் உரிமை.

தேர்வு இரண்டு. முதலில் எஃப்.இ., அதாவது பொறியியல் அடிப்படைத் தேர்வு: 110 கேள்வி, ஆறு மணி நேரம். அடுத்து பி.இ., சிவிலுக்கு 80 கேள்வி, எட்டு மணி நேரம். 2022க்கு முன் எழுதிய சீனியர்கள் பெட்டி நிறையப் புத்தகத்தை உருட்டிக்கொண்டு போனார்களாம். இப்போது எல்லாம் கணினியில். சூத்திரக் கையேடும் திரையிலேயே வரும். ஐ.எஸ். 456 என்ற நம்ம கான்கிரீட் விதிநூல், கிலோநியூட்டன் என்று பழகிய கை, ஏ.சி.ஐ. 318 என்ற அமெரிக்க விதிநூல், கிப், பி.எஸ்.ஐ. என்ற அவர்கள் அலகுகள் என்று மாறத்தான் எனக்கு மூன்று மாதம் ஆனது. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வுக்குப் படித்தவர்கள் மிரள வேண்டியதில்லை.

என்னை அலையவிட்டது காகிதம்தான். வெளிநாட்டுப் பட்டத்தை, இந்தத் தேர்வுகளை நடத்தும் என்.சி.இ.இ.எஸ். அமைப்பு பாடம் பாடமாக எண்ணிப் பார்க்கும்: கணிதமும் அடிப்படை அறிவியலும் 32 கிரெடிட், பொறியியல் 48. மதிப்பெண் சான்றைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். அதற்காக அப்பா இரண்டு தடவை வரிசையில் நின்றார். பழைய சிலபஸை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அதைவிடப் பெரிய வேலை, நான்கு வருஷ அனுபவத்தை எழுதிக் காட்டுவது. பரிந்துரை தருபவர்களில் மூன்று பேராவது உரிமம் பெற்ற பி.இ.யாக இருக்க வேண்டும். என்னை மேய்த்த பி.இ. வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடிக்கவே ஏழு மாதம். நான் எழுதிய முதல் வரைவைப் படித்த சீனியர், "இது ரெஸ்யூமே" என்று திருப்பிக் கொடுத்தார். 'பால வடிவமைப்பில் உதவினேன்' என்று எழுதியிருந்தேன். பையர் கேப்பில் (பாலத் தூணின் தலைப்பகுதி) ஷியர் கம்பியின் இடைவெளியை யார் முடிவு செய்தது, எந்தக் கணக்கில், அதைத்தான் எழுத வேண்டுமாம். ஆகவே சேரும்போதே மேலே இருப்பவர் பி.இ.யா என்று கேளுங்கள். மாதம் ஒரு பக்கம் குறித்தும் வையுங்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று நானும் புலம்பியிருக்கிறேன். 1937 மார்ச் 18 அன்று இதே டெக்சாஸின் நியூ லண்டனில் பள்ளிக்கூடத்துக்கு அடியில் கசிந்து தேங்கிய எரிவாயு வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். பொறியாளர் பதிவுச் சட்டம் அந்த வருஷமே வந்தது.

மென்பொருளில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இது தேவையே இல்லை. பாலம், கட்டடம், குடிநீர் என்று இருந்தால் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் கணக்குக்குக் கடைசிவரை வேறொருவர்தான் கையெழுத்துப் போடுவார். உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனி. கலிஃபோர்னியா போகும் எண்ணமிருந்தால் சிவில்காரர்களுக்கு நிலநடுக்கம், சர்வே என்று இன்னும் இரண்டு தேர்வு காத்திருக்கிறது.