இரண்டு பேர் டென்ட்: எடைக்கு முன் அகலத்தைப் பாருங்கள்

மார்கழி பிறந்ததும் டென்ட் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பாதி, பழனிக்கு நடக்கப் போகிறவர்கள் கேட்பது. மீதி, கோடையில் இமயமலைக்குத் திட்டம் போடுகிறவர்கள் கேட்பது. காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

நானும் என் வீட்டுக்காரரும் நீண்ட நடைக்கு லேசான டென்ட் தேடுகிறோம். ஒரே டென்டுக்கு 1.2 கிலோ என்றும் 1.4 கிலோ என்றும் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?
– காரைக்குடி

இரண்டும் சரிதான். சின்ன எண் உள்டென்ட், அதன்மேல் மழைக்குப் போடும் மேல்துணி, கம்பிகள் இவற்றின் எடை மட்டும். முளை, கயிறு, பை எல்லாம் சேர்ந்தால் பெரிய எண். நீங்கள் முதுகில் சுமக்கப்போவது பெரியதைத்தான், அதை வைத்தே ஒப்பிடுங்கள்.

ஆனால் நான் முதலில் பார்ப்பது தரையின் அகலம். கீழே விரித்துப் படுக்கும் மேட் சாதாரணமானது 51 செ.மீ., அகலமானது 64 செ.மீ. இரண்டு அகல மேட் போட 128 செ.மீ. வேண்டும். பிக் ஆக்னஸ் காப்பர் ஸ்பர் இரண்டு பேர் டென்ட் தலைமாட்டில் 132, கால்மாட்டில் 107தான். சாதாரண மேட் இரண்டு தாராளமாக அடங்கும். அகல மேட் இரண்டு கால்மாட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஜீபேக்ஸ் டூப்ளெக்ஸ் அரைக் கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும், ஆனால் அகலம் 114. 'இரண்டு பேர்' என்று அட்டையில் போடுகிறவர்கள் இரண்டு ஒல்லி ஆட்களை, அதுவும் புரளாமல் படுப்பவர்களை மனதில் வைத்துக்கொண்டே போடுகிறார்கள்.

அடுத்தது கதவு. பக்கத்துக்கு ஒரு கதவு இருந்தால், ராத்திரி எழுந்து போகிறவர் மற்றவரை மிதிக்க வேண்டாம். பை, செருப்பு வைக்க ஆளுக்கொரு மறைவும் கிடைக்கும். நேச்சர்ஹைக் கிளவுட் அப் 2 விலை குறைவு, முதல் டென்டாக வாங்கக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கதவு ஒன்றுதான், அதுவும் தலைமாட்டில். மழையில் அதைத் திறந்தால் தண்ணீர் தலையணை மேல்தான் விழும்.

சுமையைப் பங்கு போடுவதையும் மறக்காதீர்கள். துணி ஒருவர் பையில், கம்பியும் முளையும் இன்னொருவர் பையில் என்று பிரித்தால் 1.4 கிலோ டென்ட் ஆளுக்குச் சுமார் 700 கிராம்தான். இதில் மேலும் 100 கிராம் குறைக்கப் பணத்தைக் கொட்டுவதைவிட, பையில் இருக்கும் மூன்றாவது ஜீன்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போவது லாபம்.

பழனிப் பாதயாத்திரைக்கு நாலைந்து பேர் போகிறோம். டென்ட் வாங்கலாமா?
– கானாடுகாத்தான்

வேண்டாம். குன்றக்குடி தொட்டு நத்தம், திண்டுக்கல் வழியாக நடக்கிறவர்களுக்கு வழி நெடுகத் தங்க மண்டபம், கொட்டகை, பள்ளிக்கூட வராந்தா என்று ஏதாவது கிடைத்துவிடும். தைப் பனிக்கு ஒரு போர்வை, கொசுவுக்கு ஒற்றை ஆள் வலை, கீழே விரிக்க ஒரு மேட். இது போதும். ரோட்டோரம் டென்ட் அடிப்பது ஆபத்தும்கூட. ராத்திரி லாரி ஓட்டி வருகிறவருக்கு அது தெரியாது. அந்தப் பணத்தில் நல்ல செருப்பு வாங்குங்கள்.

ட்ரெக்கிங் ஸ்டிக் வைத்து நிறுத்தும் டென்ட் வாங்கியிருக்கிறேன். கிளம்புவதற்கு முன் வீட்டில் அடித்துப் பார்க்க நினைத்தால் எங்கே முளை அடிப்பது? வளவு (வீட்டின் உள்முற்றம்) முழுக்க ஆத்தங்குடித் தரைக் கல்.
– தேவகோட்டை

ஆத்தங்குடிக் கல்லில் கை வைத்தால் ஆச்சி சும்மா விட மாட்டார்கள்! வளவில் தூண்கள் இருக்கின்றனவே. நான்கு மூலைக் கயிற்றையும் நான்கு தூணின் அடியில் கட்டுங்கள். கயிறு எட்டாவிட்டால் கூடுதலாகக் கொடிக் கயிறு. தூண் அமையாவிட்டால் மொட்டை மாடியில் 20 லிட்டர் தண்ணீர் கேன் நான்கை மூலைக்கொன்றாக வைத்துக் கட்டலாம். முதலில் நான்கு மூலையும் செங்கோணமாக வர வேண்டும், அப்புறம்தான் ஸ்டிக்கை உள்ளே விட்டு நிமிர்த்த வேண்டும். மூலை கோணினால் எவ்வளவு இழுத்தாலும் துணி சுருங்கிக்கொண்டே இருக்கும்.

இந்த வகையில் டர்ஸ்டன் எக்ஸ்-மிட் 2 எனக்குப் பிடித்தது. 1.1 கிலோவை ஒட்டிய எடை, இரண்டு கதவு, 127 செ.மீ. அகலம். ஆனால் ஸ்டிக் இல்லாமல் நடக்கிறவர் இந்த வகையை வாங்கினால் எடை மிச்சமாகாது, தனியாகக் கம்பி வாங்கிச் சுமக்க வேண்டும். நம் ஊர்ச் செம்புரான் மண்ணிலும் பாறைத் தரையிலும் முளை இறங்காது. கயிற்றின் முனையை ஒரு குச்சியில் கட்டி, அதன்மேல் கல்லை அடுக்குங்கள். லடாக் பக்கமும் இதே வித்தைதான். விமானத்தில் போவதானால் ஸ்டிக்கையும் முளையையும் செக்-இன் பையில் போட்டுவிடுங்கள், கைப்பையில் வேண்டாம்.

புது டென்ட், கண்மாய்க் கரையில் ஒரு ராத்திரி படுத்தோம். மழையே இல்லை, விடிந்து பார்த்தால் உள்ளே எல்லாம் ஈரம். ஒழுகுகிறதா?
– பள்ளத்தூர்

மழை இல்லாமல் எப்படி ஒழுகும்? அது உங்கள் மூச்சு. வானம் தெளிந்திருக்கும் ராத்திரியில் டென்ட் துணி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். இரண்டு பேர் விடிய விடிய விடும் மூச்சிலுள்ள ஈரம் அதில் பட்டுத் துளியாகும். தண்ணீரோரமாக இருந்தால் வெளிக் காற்றிலேயே ஈரம் அதிகம், கேட்கவே வேண்டாம். தை மாதம், கண்மாய்க் கரை, எல்லாக் கதவும் சாத்தியாச்சு, வேறென்ன நடக்கும்?

மழைநாளில் சந்தேகம் வந்தால் இப்படிப் பாருங்கள்: துணி முழுக்க ஒரே சீராகப் பனித்திருந்தால் மூச்சு, தையல் கோட்டை ஒட்டி மட்டும் சொட்டினால் ஒழுகல்.

அடுத்த முறை கரையிலிருந்து தள்ளி, கொஞ்சம் மேட்டில், மரத்தடியில் போடுங்கள். மரக்கிளை கூரைபோல் நின்று துணி அதிகம் குளிராமல் காக்கும். காய்ந்த கிளை தலைக்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மழை இல்லையென்றால் மேல்துணிக் கதவைச் சுருட்டிக் கட்டிவிடலாம், கொசுவை உள்வலை பார்த்துக்கொள்ளும். எவ்வளவு செய்தாலும் சில ராத்திரி நனையத்தான் செய்யும். அதனால்தான் உள்ளே வலை, வெளியே துணி என்று இரண்டு அடுக்கு உள்ளதை வாங்கச் சொல்கிறேன். ஒற்றை அடுக்கில் தலை நிமிர்ந்தாலே ஈரம் அப்பும். ஒரு சின்னத் துடைதுணி பையில் இருக்கட்டும்.

டைனீமா என்கிற மிக லேசான துணியில் செய்த டென்ட் வாங்கலாமா?
– கோட்டையூர்

மாதக்கணக்கில் நடக்கிறவருக்குச் சரி. தண்ணீர் குடிக்காது, நைலான்போல் நனைந்து தொய்யாது. ஆனால் உரசலைத் தாங்காது, சுருட்டினால் இடம் அடைக்கும், விலையோ அறுநூறு டாலருக்கு மேல், சுங்க வரி தனி. வருஷத்துக்கு ஒரு வாரம் போகிறவருக்கு பாலியெஸ்டரே போதும். அதுவும் மழையில் தொய்வதில்லை.

நாலு வருஷமாகப் பரணில் கிடந்த டென்டைப் பிரித்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, வாடையும் அடிக்கிறது. துவைத்தால் போகுமா?
– புதுவயல்

போகாது. தண்ணீர் புகாமலிருக்க உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்துவிட்டது. நம் ஊர் வெயிலில் பரண் அடுப்பாகக் கொதிக்கும், டென்டுக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. புதிதாக வாங்குவதை நிழலில் நன்றாக உலர்த்தி, இறுக்கிச் சுருட்டாமல், பழைய வேட்டியில் தளர முடிந்து, கீழ்க்கட்டு அலமாரியில் வையுங்கள். இரண்டு பக்கமும் சிலிக்கான் பூசிய துணிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதில் தையலை மூடும் டேப் ஒட்டாது என்பதால் தையலுக்குச் சிலிக்கான் பசை தடவித்தான் அடைக்க வேண்டும். கடையில் தடவிக் கொடுத்தார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடக்க எந்த டென்ட்?
– ராயவரம்

எதுவும் வேண்டாம். அன்னபூர்ணா சுற்றுப்பாதையைப்போல் அங்கும் ஊருக்கு ஊர் தங்கும் விடுதி உண்டு, படுக்கையும் சாப்பாடும் அங்கேயே. உத்தரகண்ட் போவதானால் மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். மலைமேல் புல்வெளிகளில் இரவு தங்க 2018-இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் டென்ட் அடிக்க முடியாது. அனுமதியைக் கையில் வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.