ஆலைப் பெண்களைக் காப்பகத்தில் தேடுவது: அகதிப் பெண் கலைஞர்களுக்கான கேள்வி பதில்

பிரித்தானியாவில் அகதிகளாக வாழும் பெண் கலைஞர்கள் சிலர், அந்நாட்டு ஆலைகளில் பெண்கள் செய்த வேலையை ஆவணக்காப்பகங்களின் வழியே படைப்புகளாக்க விரும்புகின்றனர். அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் காப்பக ஆய்வில் பழக்கமுள்ள ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி: எந்தக் காப்பகத்திலிருந்து தொடங்குவது?

சால்ஃபர்டில் உள்ள உழைக்கும் வர்க்க இயக்க நூலகம், வாரிக் பல்கலைக்கழகத்தின் நவீன ஆவண மையம், லண்டன் பொருளியல் பள்ளியில் உள்ள பெண்கள் நூலகம் ஆகிய மூன்றும் பலர் அறிந்தவை. ஆயினும் நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆவணக்காப்பகத்துக்கே முதலில் செல்லுங்கள் என்பேன். மூடப்பட்ட ஆலைகளின் பதிவேடுகள் பெரும்பாலும் அங்குதான் வந்து சேருகின்றன. அட்டவணையில் ‘பெண்கள்’ என்று தேடினால் அதிகம் கிடைக்காது, ஏனெனில் கோப்புகள் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். சம்பளப் பதிவேடு, விபத்துப் பதிவேடு, உணவகக் குழுவின் கூட்டக் குறிப்பு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: புகைப்படங்களில் பெண்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் பெயர்கள் இல்லையே?

அந்தப் படங்கள் யாருக்காக எடுக்கப்பட்டன என்பதில்தான் விடை இருக்கிறது. முதல் உலகப் போரின்போது ஹோரஸ் நிக்கோல்ஸ், ஜி. பி. லூயிஸ் ஆகியோர் எடுத்த ஆலைப் படங்கள் இன்று இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பெண்களாலும் இவ்வேலைகள் முடியும் என்று காட்டுவதே அவற்றின் நோக்கமாக இருந்ததால், குறிப்புகளில் வேலையின் பெயர் இருக்கும், வேலை செய்தவளின் பெயர் இருப்பது அரிது.

குண்டுகளில் வெடிமருந்து நிரப்பும் ஆலைப் படம் ஒன்றை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். கூந்தல் முழுவதும் தொப்பிக்குள் செருகப்பட்டிருக்கும். தீப்பொறி எழும் என்ற அச்சத்தால் கொண்டை ஊசி உள்ளிட்ட உலோகப் பொருள்களுக்கு அங்கே தடை இருந்தது. டி.என்.டி. வெடிமருந்தைக் கையாண்ட பெண்களின் தோலும் முடியும் மஞ்சளாகிப் போயின, சிலர் கல்லீரல் கெட்டு இறந்தும் போனார்கள். ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த மஞ்சள் தெரியாது. ஒரு கலைஞர் கை வைக்க வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுத்திலும் இதே நிலைதான். லீட்ஸ் அருகே பார்ன்போ ஆலையில் 1916 டிசம்பர் 5 அன்று நடந்த வெடிவிபத்தில் 35 பெண்கள் இறந்தனர். போர்க்காலத் தணிக்கையால் அச்செய்தி அப்போது வெளிவரவில்லை; நாளிதழ்களின் மரண அறிவித்தல்களில் ‘விபத்தில் இறந்தார்’ என்ற அளவே இருந்தது.

கேள்வி: அந்த ஆலைகளில் அகதிகளும் இருந்தார்களா?

இருந்தார்கள். 1914 முதல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பெல்ஜிய அகதிகள் பிரித்தானியா வந்தனர்; அவர்களில் பலர், பெண்கள் உட்பட, ட்விக்கன்ஹாமில் இருந்த பெலபோன் ஆயுத ஆலையில் வேலை செய்தனர். பிற்காலத்தில், உகாண்டாவிலிருந்து 1972இல் வெளியேற்றப்பட்ட ஆசியர்களில் பலர் லெஸ்டர் ஆலைகளுக்குப் போனார்கள். லண்டன் வில்ஸ்டனில் இருந்த கிரன்விக் புகைப்பட ஆலையில் 1976 முதல் 1978 வரை ஜெயாபென் தேசாய் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆசியப் பெண்கள். கட்டாய மிகைநேர வேலையும், கழிப்பறைக்குச் செல்லக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்ததும் அவர்களின் குறைகளில் அடங்கும்.

கேள்வி: என் புகலிடக் கோரிக்கை இன்னும் நிலுவையில் உள்ளது. கலைத்திட்டத்தில் சேர்ந்தால் பணம் வாங்கலாமா?

பொதுவாக வாங்க முடியாது. கோரிக்கை 12 மாதங்களுக்கு மேல் இழுபட்டு, அத்தாமதம் உங்களால் ஏற்படாததாக இருந்தால் வேலை அனுமதி கேட்கலாம். அப்போதும் அரசு வரையறுத்த வேலைகளுக்கே அது பொருந்தும், சுயதொழிலுக்குப் பொருந்தாது. அறநிறுவனத்திலோ அரசு அமைப்பிலோ தன்னார்வலராகச் சேர்ந்து, உண்மையான பயணச் செலவையும் உணவுச் செலவையும் பெறலாம். பணத்துக்குப் பதிலாகத் தரப்படும் கடைக் கூப்பனும் ஊதியமாகக் கருதப்படக்கூடும் என்பதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வேலை செய்யத் தடை உள்ள பெண்களை அழைத்து உழைப்பைப் பற்றிப் படைக்கச் சொல்லும் அமைப்பாளர்கள், இந்த விதியை முதல் நாளிலேயே விளக்கியிருக்க வேண்டும்.

கேள்வி: பழைய கடிதத்தைத் துணியில் அச்சிடலாமா?

கேட்காமல் செய்ய வேண்டாம். கடிதம் காப்பகத்தின் கையில் இருந்தாலும் பதிப்புரிமை எழுதியவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ உரியது. வெளியிடப்படாத எழுத்துகள் பலவற்றுக்கு, எழுதியவர் எப்போதோ இறந்திருந்தாலும், 2039 முடியும்வரை அவ்வுரிமை நீடிக்கிறது.

கேள்வி: ஆவணத்தில் இல்லாததைக் கற்பனையால் நிரப்பலாமா?

நிரப்பலாம், ஆனால் ஒட்டுப்போட்ட இடம் தெரிய வேண்டும். அதற்கு முன் உங்கள் கையறிவால் படிக்கப் பாருங்கள். டாகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறைகளைத் தைத்த 187 பெண்கள், தங்கள் வேலை திறன் குறைந்ததாகத் தரப்படுத்தப்பட்டதை எதிர்த்து 1968இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது 1970இன் சம ஊதியச் சட்டத்துக்கு வழி திறந்தது. ஆனால் திறனுக்குரிய தரம் அவர்களுக்கு 1984இல்தான் கிடைத்தது. தரப் பட்டியலை எழுதியவர்கள் அந்தத் தையலில் என்ன திறன் இருக்கிறது என்று கேட்கவில்லை. வருடக்கணக்கில் தைத்துப் பழகிய ஒருவர் அத்தகைய உறை ஒன்றைக் கையில் எடுத்தால், வளைவில் துணி சுருங்காமல் தையல் எப்படித் திரும்புகிறது என்பதைப் பார்த்தே அதைச் சொல்லிவிடுவார். அப்படி நீங்கள் கண்டறிந்ததை உங்கள் பெயரிலும், பதிவேட்டிலிருந்து எடுத்த வரியை அதன் கோப்பு எண்ணுடனும், படைப்பின் அருகில் வைக்கும் அட்டையில் தனித்தனியே எழுதுங்கள்.