அந்த வரி தோரோவுடையது, எமர்சனுடையது இல்லை

அதை எழுதியது 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோதான். “பெரும்பாலான மனிதர்கள் வெளியே காட்டாத விரக்தியோடுதான் வாழ்க்கையை ஓட்டுகிறார்கள்” என்ற வரி யாருடையது என்ற கேள்விக்கு நீங்கள் அதே காலத்து அமெரிக்கக் கட்டுரையாளர் ரால்ஃப் வால்டோ எமர்சன் என்று குறித்தீர்கள், தப்பு என்று வந்துவிட்டது, ஏன் என்று கேட்கிறீர்கள். அது, குளக்கரைக் குடிசையில் வாழ்ந்த அனுபவத்தைத் தோரோ எழுதி 1854-இல் வெளிவந்த ‘வால்டன்’ நூலின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்று தெரிகிறது. இருவரும் மாசசூசெட்ஸில் கான்கார்டு என்ற ஒரே ஊரில் வாழ்ந்த நண்பர்கள், எமர்சன் 14 வயது மூத்தவர், தோரோ குடிசை போட்ட குளக்கரை நிலமே எமர்சனுடையது.

அடுத்த முறை இருவரில் யாருடையது என்று கண்டுபிடிக்க, வரியை மட்டும் பார்க்காமல் முன்னும் பின்னும் ஒரு பக்கம் படியுங்கள். தோரோ கையில் எப்போதும் ஒரு கணக்கு நோட்டு இருக்கும்: அதே அத்தியாயத்தில் பலகை, ஆணி, சுண்ணாம்பு என்று வரிசையாகப் போட்டு, அந்தக் குடிசைக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்கிறார், சுண்ணாம்புக்கு நேராக ‘இது அதிகம்’ என்று ஒரு முணுமுணுப்பு வேறு (எனக்கு அந்தப் புத்தகத்திலேயே பிடித்த இடம்). எமர்சன் முன்னாள் பாதிரியார். பெரும்பாலும் மேடையிலிருந்து பொதுவாகத்தான் பேசுவார்.

இந்த அடையாளமும் எல்லா வரிக்கும் செல்லாது. அப்புறம், “பாட்டை உள்ளேயே வைத்துக்கொண்டு கல்லறைக்குப் போகிறார்கள்” என்று இதே வரிக்கு ஒரு வால் சுற்றுகிறதே, அது ‘வால்டன்’-இல் கிடையாது. குட்டன்பர்க் தளத்தில் முழு நூலும் இலவசம், தேடிப் பாருங்கள்.